பதினேழாம் நம்பர் தோல்

பெரிய டாக்டர் ஒட்டிவைத்த உறையைக் கிழித்து, எந்த நம்பர் எந்த நாய் என்ற பட்டியலை மேஜையில் விரித்தபோது, பதினேழாம் நம்பர் ஆரோக்கியமான நாய்களின் பக்கத்தில் இருந்தது. நானும் சின்ன டாக்டரும் ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்காமல் அதற்கு மூன்று மதிப்பெண் போட்டிருந்தோம். மூன்று என்றால் உச்சம். அரிப்பு முற்றிய நாய்களின் தோல்தான் மூன்று வாங்கும்.

இது எப்படி இந்தப் பக்கம் வந்தது என்று டாக்டர் கேட்டார். சாயம் போட்டதில் கோளாறோ என்று சின்ன டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.

எனக்குத் தெரியும். பட்டியல் வருவதற்கு முன்பே தெரியும். அது என் வீட்டு நாயின் தோல். வயிற்றில் ஒரு கரும்புள்ளியின் ஓரத்தில் எடுத்த துண்டு என்பதால் பாதியில் கருமை இருக்கும், பாதியில் இருக்காது. அதை மெழுகில் பதித்ததும் சீவியதும் நான்தான். அடையாளம் தெரிந்த ஸ்லைடைப் பார்த்தால் உடனே சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது விதி. நான் சொல்லவில்லை. மூன்று என்று எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுத்தேன். அசதி, அதனால் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயமாக இருந்தது.

இருபத்தாறு வருடமாக நான் தோல் சீவுகிறவள். கால்நடை மருத்துவமனையின் பின்பக்கக் கட்டிடத்தில், ஜன்னல் இல்லாத மூன்று அறைகளில் என் வேலை. முன்பக்கத்தில் நாய்கள் குரைக்கும், சொந்தக்காரர்கள் சண்டை பிடிப்பார்கள். என்னிடம் வருவது மிளகு அளவுத் தோல் மட்டும். அதை மெழுகுக் கட்டியில் புதைத்து, காகிதத்தைவிட மெலிதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்த வேண்டும். மூச்சு பலமாக விட்டால் பறந்துபோகும். இந்த வேலைக்கு வந்த பிறகு வாழ்க்கையில் எதற்கும் பெருமூச்சு விடுவதில்லை.

இந்த இரண்டு வருடமாக நாங்கள் தேடுவது கன்னாபினாய்டு ஏற்பிகளை. பெயரைக் கேட்டதும் வாசல் காவல்காரருக்குக் கஞ்சா ஞாபகம் வந்துவிட்டது. இன்றைக்கு எத்தனை நாய்க்கு ஏற்றப் போகிறீர்கள் என்று தினமும் காலையில் கேட்பார். முதல் மாதம் சிரித்தேன். இப்போது கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறேன். நாய்க்கு யாரும் எதையும் ஏற்றவில்லை. அந்தச் செடியில் இருப்பதைப் போன்ற ஒரு சரக்கை உடம்பு தனக்குத் தானே கொஞ்சம் தயாரித்துக்கொள்கிறது. அதைப் பிடித்துக்கொள்வதற்காக உயிரணுக்களில் இருப்பவைதான் ஏற்பிகள். பிடித்துக்கொண்டால் அரிப்பு கொஞ்சம் அடங்கும் என்று நினைக்கிறார்கள். ஒவ்வாமையால் தோல் கெட்ட நாய்களிடம் அவை கூடுதலாக இருக்கின்றனவா என்பது எங்கள் கேள்வி. அவ்வளவுதான். இதைக் காவல்காரருக்கு விளக்க முயன்று, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு, அன்று அரை மணி நேரம் தாமதமாக உள்ளே போனேன்.

ஏற்பிகளின் மேல் பச்சையாக ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து இருட்டறையில் பார்ப்போம். நல்ல தோலில் பச்சை மெல்லிய கோடாக ஓடும். அரிக்கிற தோலில் மேல்தோல் தடித்துப்போய் முழுக்கப் பச்சை பரவியிருக்கும், இரத்தக் குழாய்களைச் சுற்றிப் பச்சைப் புள்ளிகள் மொய்த்திருக்கும். யாராவது வந்து அடக்கமாட்டார்களா என்று தோல் அத்தனை கையையும் நீட்டிக்கொண்டிருப்பதாக எனக்குப் படும். சின்ன டாக்டரிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். கட்டுரையில் அப்படியெல்லாம் எழுத முடியாது அக்கா என்றாள்.

என் வீட்டில் இருப்பது நான், என் அக்கா, மூட்டை. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் கடைசி மேஜையில் நின்றாள். தைத்து வந்த சட்டையை விரித்து, உள்ளங்கையால் நீவி, நூல் பிசிறு பார்த்து, மடித்து அனுப்பும் வேலை. நின்று நின்று இடுப்பு போய்விட்டது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்து, அதைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு அவளிடம் வந்து சேர்ந்தேன். மூட்டை என்பது நாய். மருத்துவமனை வாசலில் யாரோ அட்டைப் பெட்டியில் விட்டுப்போன குட்டி. கட்டிப் போட்ட மூட்டை மாதிரி அசையாமல் கிடந்ததால் அந்தப் பெயர். வெள்ளை உடம்பு, வயிற்றில் கரும்புள்ளிகள், நான்கு பாதமும் துருப்பிடித்த பழுப்பு. பழுப்பு சாக்ஸ் போட்ட மகாராணி என்று நான் அவளைக் கேலி செய்வேன். அக்கா சிரிப்பாள்.

மூட்டைக்கு முன்னால் கோணக்காதன் இருந்தான். நான்கு வருடம் சொறிந்தான். அப்போது கிடைத்த மருந்தெல்லாம் கொஞ்ச நாள் கேட்கும், பிறகு கேட்காது. விரிப்பெல்லாம் இரத்தம். இரவெல்லாம் அவன் காலைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் படுத்து, காலையில் வேலைக்குப் போய் அரிப்பு நாய்களின் தோலையே சீவினேன். கடைசியில் ஒரு நாள், மருந்துக்குக் கொண்டுபோகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அவனைக் கூட்டிப் போனேன். போகும்போது மருந்துக்குத்தான் போனேனா என்று இன்று வரைக்கும் எனக்கே தெரியாது. வெறும் சங்கிலியோடு திரும்பி வந்தேன்.

அதனால் மூட்டையை வைத்துக்கொள்ளலாமா என்று அக்கா கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டேன். இன்னொரு சொறி நாயை என்னால் தாங்க முடியாது, இது சொறிய ஆரம்பித்தால் அன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்றேன். எங்கே விடுவேன் என்று அவள் கேட்கவில்லை. தலையாட்டினாள். கோபத்தில் சொல்லியிருந்தால் மறுநாள் மறந்திருப்போம். நான் அலுத்துப்போய்ச் சொன்னேன். அதனால் அது வீட்டில் சட்டமாகவே நின்றுவிட்டது.

எங்கள் ஆராய்ச்சியில் அரிப்பு நாய்க்குப் பஞ்சமே இல்லை. ஆரோக்கியமான தோலுக்குத்தான் நாயாய் அலைந்தோம். நன்றாக இருக்கும் நாயை யார் கொண்டுவந்து கிள்ளக் கொடுப்பார்கள்? பத்து தேவை, ஒன்பது கிடைத்திருந்தது. அந்தச் சமயத்தில் மூட்டைக்குக் கருத்தடை ஆபரேஷன். மயக்கத்தில் கிடக்கும்போதே ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம்.

நாயின் சொந்தக்காரர் நிரப்ப வேண்டிய ஃபாரம் ஒன்று உண்டு. ஆறு மாதத்தில் சொறிந்ததா, பாதத்தை நக்குகிறதா, காதைத் தேய்க்கிறதா என்று கேள்விகள். கடைசியில் பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்று. இடது முனை அரிப்பே இல்லை, வலது முனை ஓயாத அரிப்பு. நடுவில் எங்கே என்று குறிக்க வேண்டும். பகலில் நாயோடு இருப்பவரைக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்திருக்கிறது. மூட்டைக்கு நானே நிரப்பினேன். நின்றபடி டீ குடித்துக்கொண்டே, இல்லை, இல்லை, இல்லை என்று எழுதி, கோட்டின் இடது முனையில் ஒரு புள்ளி வைத்தேன். அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

பட்டியல் திறந்த மறுநாளிலிருந்து பதினேழைத் திரும்பச் சீவித் திரும்பச் சாயம் போட்டேன். மூன்று தடவை. பச்சை குறையவில்லை. மூன்றாவது தடவை இருட்டறையில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பெரிய டாக்டர் வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சாயத்தில் தப்பில்லை என்றேன். அப்படியானால் ஃபாரத்தில்தான் இருக்க வேண்டும் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் நாயை எனக்குத் தெரியாதா, அது ஒரு நாள்கூடச் சொறிந்து நான் பார்த்ததில்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்க அத எப்பப்ப பாக்கறீங்க?"

"சாயங்காலம். ஆறு மணிக்கு மேல."

"பகல்ல?"

"பகல்ல அக்கா இருக்கா."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. டாக்டர் மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்தார். வீட்டுக்குப் போங்கள், இப்போதே போங்கள் என்றார்.

மதியம் ஒன்றரைக்கு அந்த வாசலை நான் தாண்டியதே இல்லை. காவல்காரர் கஞ்சாவைப் பற்றிக் கேட்க மறந்து, உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலி. உட்கார்ந்து போனது எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. ஆனால் கண்ணை மூட முடியவில்லை. மூட்டையின் பழுப்பு சாக்ஸ் கண்ணுக்குள் வந்து நின்றது. வெள்ளை நாயின் பாதம் ஏன் பழுப்பாகும்? ஓயாமல் நக்கினால் எச்சில் பட்டுப் பட்டு ரோமம் அப்படி நிறம் மாறும். முன்பக்கத்தில் உதவிக்கு நிற்கும் நேற்று வந்த பெண்ணுக்குக்கூட அது தெரியும். இருபத்தாறு வருடம் தோலைப் பார்த்த நான், அதை வைத்து வீட்டில் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது மாடி. என்னிடம் சாவி இருந்தது. சத்தமில்லாமல் திறக்க நினைக்கவில்லை, ஆனால் அப்படித்தான் திறந்தேன்.

அக்கா கூடத்துத் தரையில், என் கட்டிலில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் மூட்டை மல்லாந்து கிடந்தது. நான்கு காலிலும் கைக்குழந்தைகளுக்குப் போடும் சாக்ஸ். பக்கத்தில் ஒரு பேசினில் தண்ணீர், பிழிந்த துணி. அக்காவின் வலது கை நாயின் அக்குளிலிருந்து வயிறு வரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. சட்டையில் சுருக்கத்தை எடுப்பது போல, உள்ளங்கையால், மெதுவாக, ஒரே அளவாக. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து குறட்டை வந்துகொண்டிருந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. மூட்டை என்னைக் கண்டு வாலால் தரையை ஒரு தட்டு தட்டியது. அக்கா விழித்தாள். என்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், முகம் சுண்டிப்போயிற்று. உடனே மூட்டையின் காலைப் பிடித்து சாக்ஸைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. என் கண் முன்னாலேயே, நான் பார்த்துவிட்ட பிறகும். தினமும் நான் வருவதற்கு முன் செய்கிற வேலை, கை பாட்டுக்குச் செய்தது.

"எத்தன நாளா?" என்றேன்.

"குட்டியா இருந்தப்பவே லேசா இருந்துச்சு. இந்த ஒரு வருஷமாத்தான் ஜாஸ்தி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கொண்டுபோயிருப்ப."

அதில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. மழை வந்தால் துணி நனையும் என்கிற மாதிரி சொன்னாள். பிறகு கேட்கக் கேட்கச் சொன்னாள். ஐந்து மணிக்கு வயிற்றையும் பாதத்தையும் குளிர்ந்த தண்ணீரில் கழுவித் துடைத்தால் மூன்று மணி நேரம் தாங்குமாம். அதற்குள் நான் சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். அப்புறம் மூட்டை அவளோடு, அவள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் பகலிலும் அப்படித்தானாம். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவள் தூங்கி விழுவதைப் பார்த்து எத்தனை முறை கடிந்துகொண்டிருக்கிறேன். நாள் பூரா சும்மாதானே இருக்க, அப்படியென்ன தூக்கம் என்று போன வாரம்கூடக் கேட்டேன். அதற்கும் அவள் சிரித்துத்தான் வைத்தாள். எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா கட்டிலைப் பிடித்து எழுந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு கணம் கோணலாக நின்றாள். ஆணியில் மாட்டியிருந்த நாய்ச் சங்கிலியை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள்.

"கொண்டுபோறதுன்னா இப்பவே கொண்டுபோயிடு. என்னக் கூட வரச் சொல்லாத."

"அக்கா, அதுக்கு இல்ல. இப்ப வேற மருந்தெல்லாம் வந்திருக்கு. டாக்டர்கிட்டக் காட்டலாம். மருந்துக்குத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"கோணக்காதனையும் மருந்துக்குன்னுதான் கொண்டுபோன."

ஏழு வருடமாக நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கேட்காததால் அவள் நம்பிவிட்டாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

இதற்குள் மூட்டையின் மேல் யார் கையும் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அது எழுந்து உட்கார்ந்தது. முதலில் ஒரு பின்னங்காலைத் தூக்கி அக்குளில் மெதுவாக இரண்டு தட்டு தட்டியது. பிறகு வேகம் பிடித்தது. கழுத்து, காது, மறுபடி அக்குள். நகம் தோலில் கிழிக்கும் அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். பிறகு வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஊர்ந்தது, பாதத்தை வாயில் வைத்துக் கடித்தது, கடித்தபடியே முனகியது. அக்கா குனியப் போனாள். இடுப்பு விடவில்லை. நான் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தேன். மூட்டையை இழுத்து மடியில் போட்டேன். திமிறியது. என் கை முதலில் சரியாகப் போகவில்லை. ரோமத்துக்கு எதிராகப் போயிற்று.

"மேல இருந்து கீழ. அழுத்தாத. நிறுத்தவும் கூடாது" என்றாள் அக்கா.

அப்படியே செய்தேன். தோல் சூடாக இருந்தது. அக்குளில் யானைத்தோல் மாதிரி தடித்துச் சொரசொரத்தது. ஸ்லைடில் பார்த்த அதே தடிப்பு. கண்ணாடித் துண்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், கையால் தொட்டுப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. கொஞ்ச நேரத்தில் மூட்டையின் கால் தளர்ந்தது.

"நீ போய்ப் படு" என்றேன்.

அக்கா நகரவில்லை. என் கையையே பார்த்தபடி நின்றாள். பிறகு மேஜையிலிருந்து சங்கிலியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. கட்டில் கிறீச்சிட்டது, சங்கிலி ஒருமுறை சலசலத்தது. அதோடு படுத்துக்கொண்டாள் என்று புரிந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

இடது கையால் போனை எடுத்து டாக்டரை அழைத்தேன். பதினேழு ஆரோக்கியமான நாய் இல்லை, ஃபாரத்தை வீட்டில் கேட்காமல் நான்தான் தப்பாக நிரப்பினேன், ஸ்லைடையும் அடையாளம் தெரிந்தே பார்த்தேன் என்றேன். சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் வலித்தது. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதினேழை விலக்கிவிட வேண்டியதுதான், இன்னொரு நல்ல நாயைத் தேடிக்கொள்ளலாம் என்றார். நாளை மூட்டையை முன்பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அக்காவும் வர வேண்டுமாம், பகலில் பார்த்தவர்தான் சொல்ல வேண்டுமாம்.

என் பையில் ஒரு வெற்று ஃபாரம் கிடந்தது. எட்டி எடுத்துத் தரையில் விரித்தேன். சொறிகிறதா, ஆம். பாதத்தை நக்குகிறதா, ஆம். இடது கையால் எழுதியதில் எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருந்தது. கோட்டில் மட்டும் புள்ளி வைக்கவில்லை. அது அக்கா வைக்க வேண்டியது.

அரை மணி நேரத்தில் தோள் வலித்தது, ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப்போயிற்று. கையை மாற்றினேன். எனக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. கை நின்றால் மூட்டையின் கால் துடிக்கும், உடனே விழித்துக்கொள்வேன். அக்கா மாதிரி தூங்கிக்கொண்டே செய்ய எத்தனை நாள் பழக்கம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அதை நிறுத்திக்கொண்டேன்.

ஐந்தரை இருக்கும். உள்ளே கட்டில் அசைந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்தது கதவு வழியாகத் தெரிந்தது. தலை கலைந்து, கண் திறந்தும் திறக்காமலும், கையில் சங்கிலி. முழுத் தூக்கத்தில்தான் பேசினாள்.

"சாக்ஸக் கழட்டணும். அவ வர்ற நேரமாச்சு."

இத்தனை நாளும் இந்த வீட்டில் மாலையானால் வருகிற அந்த 'அவ' நான்தான்.

"இன்னும் நேரம் இருக்கு" என்றேன். "தூங்கு."

அவள் சரி என்று படுத்துக்கொண்டாள். நான் மறுபடி வலது கைக்கு மாறினேன்.